விளையாட்டு கார்டில் ஓடிய வேதியியல்

சிகாகோவிலிருந்து தெற்கே கிளம்பும் ரயில் கன்ககீ, கில்மன், ரன்டூல் என்று சின்னச் சின்ன ஊர்களில் நின்று, இரண்டரை மணி நேரத்தில் ஷாம்பெய்னுக்கு வந்து சேர்கிறது. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ஷாம்பெய்னும் அர்பானாவும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். நடுவில் இலினாய் பல்கலைக்கழகம். மலை, ஏரி, கோட்டை என்று ஊர் பார்க்க வருகிறவர்களை இழுக்கும் எதுவும் இங்கே இல்லை. நான் வந்தது ஓர் ஆய்வுக் கட்டுரை பிறந்த இடத்தைப் பார்க்க.

2008ஆம் ஆண்டு இவான் உஃபிம்ட்செவும் டாட் மார்ட்டினெஸும் இங்கிருந்து அந்தக் கட்டுரையை வெளியிட்டார்கள். கணினி விளையாட்டுக்காகக் கடையில் விற்கும் கிராபிக்ஸ் கார்டில் குவாண்டம் வேதியியல் கணக்கை ஓட்டிக் காட்டியது அது. அதே ஆண்டு ஜப்பானின் நகோயாவில் கோஜி யாசுதாவும், ஹார்வர்டில் இன்னொரு குழுவும் இதே திசையில் வேலைகளை வெளியிட்டார்கள். ஆனால் கணக்கின் ஒரு துண்டை மட்டும் அல்லாமல் முழுவதையும் கார்டுக்குள் கொண்டுபோய், அடுத்த ஆண்டே தொடர்ச்சிக் கட்டுரைகளும் போட்டு, வேதியியலாளர்களின் மேசைக்கு அதைக் கொண்டுவந்தது அர்பானாதான் என்பது என் எண்ணம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஷ்ரோடிங்கர் 1926இல் தன் சமன்பாட்டை எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1929இல், டிராக் ஒன்றைச் சொல்லிவிட்டார்: வேதியியல் முழுவதற்கும் அடிப்படையான விதிகள் தெரிந்தாகிவிட்டன, அவற்றைப் போட்டுப் பார்த்தால் தீர்க்க முடியாத அளவுக்குச் சிக்கலான சமன்பாடுகள் வருகின்றன என்பதுதான் கஷ்டம். ஆக, அன்று முதல் வேதியியலில் பாக்கி நின்றது பெரும்பாலும் கணக்கு. அந்தப் பாக்கியை அடைக்கத்தான் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ ஒற்றை அணுக்களுக்குக் கணக்குப் போட்டபோது, ஓய்வு பெற்ற தந்தை வில்லியமும் கூட உட்கார்ந்து எண்களைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். அந்தத் தந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும்.

காலையில் வளாகத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் பெக்மன் நிலையத்திலிருந்து நடையைத் தொடங்கினேன். 1989இல் திறந்த செங்கல் கட்டடம். அதற்குப் பணம் தந்த ஆர்னால்ட் பெக்மன், இதே மாநிலத்தில் கல்லம் என்ற சிற்றூரில் கொல்லர் மகனாகப் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1930களில், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்ட நண்பருக்காக அவர் செய்த கருவிதான் பிறகு உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் உட்கார்ந்த பி.எச். மீட்டர். இந்தக் கட்டடத்தில்தான் கிளாஸ் ஷுல்டனின் குழு இயங்கியது. புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் பார்க்கும் மென்பொருள்களை உருவாக்கிய குழு அது. 2007இலேயே அவர்கள் தங்கள் வேலைகளை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். அதே 2007இல் மின்பொறியியல் துறையில் வென்-மெய் ஹ்வூவும், என்விடியாவின் தலைமை விஞ்ஞானி டேவிட் கர்க்கும் சேர்ந்து இந்தச் சில்லுகளுக்கு நிரல் எழுதுவது எப்படி என்று பாடமே நடத்தினார்கள். அந்த வகுப்பிலிருந்து வந்த பாடப்புத்தகம் இன்று பல நாடுகளில் ஓடுகிறது. ஆக, கார்டைத் தெரிந்தவர்களும் மூலக்கூறைத் தெரிந்தவர்களும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர் இது.

நிலையத்துக்குள் இருக்கும் காபிக் கடையில் என் நண்பரின் மகள் காத்திருந்தாள். விருதுநகர்ப் பெண்; இங்கே கணிப்பு வேதியியலில் ஆய்வு செய்கிறாள். "மாமா, மொதல்ல அந்தத் தொகையீட்டுக் கணக்கைப் புரிஞ்சுக்கங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்று ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

ஒரு மூலக்கூறில் எல்லா எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளுதலை நேரடியாகத் தீர்க்க முடியாததால், ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி மேகத்தை உணர்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். மேகங்களை முதலில் உத்தேசமாக எழுதுகிறோம். அதிலிருந்து விசையைக் கணக்கிடுகிறோம். அந்த விசையில் மேகங்கள் எப்படி மாறும் என்று பார்க்கிறோம். மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம். இதுதான் ஹார்ட்ரீ–ஃபாக் முறை. மேகத்தை எழுத, அணுக்களின் மேல் உட்காரும் சிறு சிறு அடிப்படைச் சார்புகள் வேண்டும். இரண்டு காஸியன் சார்புகளைப் பெருக்கினால் இன்னொரு காஸியனே வரும் என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபமாகும் என்று 1950இல் கேம்பிரிட்ஜின் ஃபிரான்சிஸ் பாய்ஸ் காட்டினார். பிறகு ஜான் போப்பிள் அந்த வழியில் மென்பொருளே எழுதி உலகத்துக்குக் கொடுத்தார். 1998இல் வால்டர் கோனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சுலபம் என்றாலும் எண்ணிக்கை மலைக்க வைக்கும். மேகம் மேகத்தைத் தள்ளுவதைக் கணக்கிட, சார்புகளை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும்; அப்படிச் சேரும் ஒவ்வொரு நான்குக்கும் ஒரு தொகையீடு. சார்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் வேலை பதினாறு மடங்கு ஆகும். கொழுப்புக்கு மாற்றாக நொறுக்குத் தீனிகளில் போட்ட ஒலெஸ்ட்ரா என்ற பொருளை அர்பானா குழு சோதனைக்கு எடுத்துக்கொண்டது. அதன் ஒரு மூலக்கூறில் 453 அணுக்கள், சார்புகள் 2131. சமச்சீரால் ஒன்றாகிவிடுகிறவற்றைக் கழித்த பிறகும் சுமார் இரண்டரை லட்சம் கோடி தொகையீடுகள். அதுவும் ஒரு சுற்றுக்கு.

"இதுல பாதிக்கு மேல ஒண்ணுமில்லாதது மாமா. ரெண்டு சார்பும் தூரத் தூர இருந்தா பெருக்கல் சுழிதான். ஆனா எது சுழின்னு முன்னாடியே தெரியணும்" என்றாள். அதற்கு ஷ்வார்ட்ஸ் சமனின்மையை வைத்து, கணக்குப் போடாமலே ஒவ்வொரு தொகையீட்டுக்கும் உச்ச வரம்பு சொல்லிவிடலாம். வரம்பு மிகச் சிறிதானால் தள்ளிவிடலாம்.

மிஞ்சுகிறவற்றை யார் போடுவது? அர்பானா குழு முதலில் எடுத்துக்கொண்டது ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ். 2006 நவம்பரில் வெளிவந்த விளையாட்டு கார்டு; உள்ளே 128 சிறு செயலிகள், 768 மெகாபைட் நினைவகம். திரையில் வெடிப்பும் புகையும் வேகமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட லட்சக்கணக்கான இளைஞர்களின் காசில் வளர்ந்த பொருள். வேதியியலுக்கென்று தனியாக இப்படி ஒரு சில்லு செய்ய எந்த நாடும் பணம் ஒதுக்கியிருக்காது.

ஆனால் கார்டை வாங்கிச் செருகினால் வேகம் வந்துவிடாது. நான் இவ்வளவு தூரம் வந்தது இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ளத்தான். கார்டுக்குள் 32 இழைகள், அதாவது 32 கணக்கோட்டங்கள், ஒரு கட்டாகச் சேர்ந்து, ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றுகின்றன. வரிசையாக நின்று நாற்று நடும் பெண்களில் ஒருவர் பின்தங்கினால் மொத்த வரிசையும் நிற்கிற மாதிரி, ஓர் இழைக்கு நீளமான கணக்கு வந்துவிட்டால் மற்ற 31ம் சும்மா நிற்கும். தொகையீடுகளோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே சார்பு இணைகளை முதலில் வகை பிரித்து, பிறகு அந்த ஷ்வார்ட்ஸ் வரம்பின் அளவுப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினார்கள். அப்போது அருகருகே உள்ள இழைகளுக்கு ஒரே மாதிரி வேலை வருகிறது. ஒரு கட்டத்தில் வரம்பு சிறுத்துப்போனால், அதற்கப்பால் இருப்பதையெல்லாம் மொத்தமாக விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். ஓர் இழைக்கு ஒரு தொகையீடா, இழைக் கூட்டத்துக்கே ஒரு தொகையீடா, தொகையீட்டின் ஒரு சிறு உறுப்புக்கு ஓர் இழையா என்று மூன்று விதமாகவும் பிரித்துப் பார்த்து, எது எங்கே பொருந்தும் என்று முதல் கட்டுரையிலேயே எழுதினார்கள்.

இன்னொரு முடிவும் உண்டு. போட்ட தொகையீட்டைச் சேமிக்காமல், சுற்றுக்குச் சுற்று மறுபடி போடுவது. 1982இல் யான் ஆல்ம்லோஃப் முதலானோர் வேறு காரணத்துக்காக, வட்டில் இடம் போதாமல், கொண்டுவந்த யோசனை அது. கார்டில் கணக்கு மலிவு, நினைவகத்துக்குப் போய்வருவதுதான் செலவு என்பதால், பழைய யோசனைக்கு இங்கே புது மதிப்பு வந்தது. மாறாக, சாதாரணச் செயலிக்காகப் பல ஆண்டுகள் பட்டை தீட்டிய பல நுணுக்கங்களை இங்கே தூக்கிப் போட வேண்டியிருந்தது.

துல்லியம் இன்னொரு முட்டுக்கட்டை. அன்றைய கார்டு ஏழு இலக்கம் வரைதான் சரியாகச் சொல்லும். விளையாட்டுக்கு அது தாராளம். ஆனால் ஒரு பெரிய மூலக்கூறின் மொத்த ஆற்றல் ஹார்ட்ரீ என்ற அலகில் ஆயிரங்களில் போகும். வேதியியலாளருக்கு வேண்டிய வித்தியாசமோ அந்த அலகில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஏழு இலக்கத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். தீர்வு மிக அழகானது: தொகையீடு சிறியதானால் அதற்கு முழுத் துல்லியம் தேவையே இல்லை, ஏனென்றால் அதன் கடைசி இலக்கங்கள் மொத்தத்தில் எங்கும் தென்படப் போவதில்லை. பெரியவற்றை மட்டும் இரட்டைத் துல்லியத்தில் போட்டால் போதும். மார்ட்டினெஸ் குழு 2011இல் இதை முறையாக்கி, கணக்கு ஓட ஓடத் துல்லியத்தைக் கூட்டிக்கொண்டே போகும் வழியாக வெளியிட்டது.

பலன்? 2009இல் வந்த இரண்டாம் கட்டுரையில், நீண்ட நாள் பழகிய ஒரு மென்பொருளைச் சாதாரணச் செயலியில் ஓட்டியதோடு ஒப்பிட்டு, 28 மடங்கிலிருந்து 650 மடங்கு வரை வேகம் என்று எழுதினார்கள். 650 என்ற எண் ஊரெல்லாம் பரவியது. எனக்கு அதைவிட மூன்றாம் கட்டுரையில் உள்ள எண் நம்பகமாகத் தோன்றுகிறது: இரண்டு விளையாட்டு கார்டு செருகிய ஒரு கணினி, அன்றைய நான்கு கருச் செயலி உள்ள நல்ல பணிக்கணினியை 180 மடங்குக்கு மேல் முந்தியது. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த மடங்குகள் ஏறும், இறங்கும். ஒரே மேசைக் கணினியில், 30 நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரு ஹைட்ரோனியம் அயனி அலைவதை நாளொன்றுக்கு 27 பிக்கோ விநாடி அளவு பார்க்க முடிந்தது. பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அது மிகக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒளி பட்டதும் நம் கண்ணுக்குள் ரெட்டினல் மூலக்கூறு முறுக்கிக்கொள்வது ஒரு பிக்கோ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பார்வையின் முதல் அடியே அவ்வளவுதான்.

"வேகம்னா வேலை சீக்கிரம் முடியும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எனக்கு அது மட்டும் இல்ல மாமா. ராத்திரி போட்டுட்டுப் போயி ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தா, ரொம்ப யோசிச்சு பத்திரமான கேள்வியாத்தான் கேப்போம். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பதில் வந்தா, கிறுக்குத்தனமா ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்" என்றாள் அவள்.

அவள் சொன்னது உண்மையாக நடந்திருக்கிறது. மார்ட்டினெஸ் 2009இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 2014இல் அவர் குழுவில் லீ-பிங் வாங் முதலானோர் கணினிக்குள் ஒரு நுண் உலையைக் கட்டினார்கள். மூலக்கூறுகளைக் கொட்டி, அவ்வப்போது இறுக்கி, என்ன வினை நடக்க வேண்டும் என்று எதுவுமே சொல்லாமல் விட்டார்கள். உயிரின் மூலப்பொருள்கள் எப்படி உண்டாயின என்று தேடிய யூரி–மில்லர் சோதனையில் வரும் எளிய வாயுக்களைப் போட்டபோது கிளைசின் என்ற அமினோ அமிலம் உண்டாகும் புதிய பாதைகள் தென்பட்டன. பதிலைத் தேடிப் போகாமல் வேதியியலை நடக்கவிட்டுப் பார்ப்பது, மலிவாகக் கணக்குப் போட முடிகிற காலத்தில்தான் சாத்தியம்.

அவளுக்கு வகுப்பு இருந்தது. நான் தெற்கே நடந்தேன். பொறியியல் கட்டடங்களுக்கு நடுவே ஜான் பார்டீன் பெயரில் ஒரு சதுக்கம். ஓரமாக போன்யார்டு என்ற ஓடை. இயற்பியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே மனிதர் பார்டீன். டிரான்சிஸ்டர் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். இங்கே வந்து சேர்ந்த பிறகு மீக்கடத்தலை விளக்கினார்.

இந்தப் பகுதியில் நடக்கும்போது இலியாக் 4 நினைவுக்கு வராமல் இருக்காது. 1960களில் டேனியல் ஸ்லாட்னிக் இங்கே வடிவமைத்த கணினி அது. ஒரே கட்டுப்பாட்டுக்குக் கீழே பல கணக்கு அலகுகள் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும். 256 திட்டமிட்டார்கள், 64தான் கட்ட முடிந்தது. ராணுவத்துக்கு உதவப் போகிறது என்று 1970இல் மாணவர்கள் எதிர்த்தார்கள்; 1972இல் கணினி கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போய்விட்டது. இன்றைய கிராபிக்ஸ் சில்லின் அடிப்படை எண்ணம் அதில் அப்படியே இருக்கிறது. எண்ணம் இருந்தது, அதை மலிவாக்கும் சந்தை இல்லை. 2003இல் இதே ஊரில் உள்ள தேசிய மீக்கணினி மையத்தார் எழுபது பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி, ஐம்பதாயிரம் டாலர் செலவில் ஒரு மீக்கணினி செய்து பார்த்தார்கள். விளையாட்டுச் சந்தையிலிருந்து விஞ்ஞானத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இந்த ஊருக்கு முன்பே பழகியிருந்தது.

கிரீன் தெருவைக் கடந்து, 1902இல் கட்டிய நாய்ஸ் வேதியியல் கட்டடத்தைத் தாண்டிப் போனால் மாரோ வயல். 1876 முதல் விடாமல் சோதனைச் சாகுபடி நடக்கும் இடம். சுற்றிலும் கட்டடம் வந்த பிறகும் இதைத் தொடவில்லை. பக்கத்தில் நூலகம் கட்டியபோது பயிரின் மேல் நிழல் விழக் கூடாதென்று அதைப் பூமிக்குள் கட்டினார்கள். ஒரு பாத்தியில் ஆண்டுதோறும் மக்காச்சோளம் மட்டும். இன்னொன்றில் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி.

சோயா வேரில் உள்ள முடிச்சுகளைப் பற்றி நான் அங்கே நிறைய நேரம் யோசித்தேன். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்க நம் உர ஆலைகளுக்கு 400 டிகிரிக்கு மேல் சூடும், நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தமும் வேண்டும். முடிச்சில் இருக்கும் பாக்டீரியா அதைச் சாதாரண மண் சூட்டிலேயே செய்கிறது. அதற்குள் இருக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், நடுவில் ஒரு கார்பன். அந்த நடு அணு கார்பன்தான் என்பதே 2011இல்தான் உறுதியானது. இந்தச் சிறு கொத்து, 453 அணு ஒலெஸ்ட்ராவைவிடக் கணக்குக்குக் கடினம். முதல் காரணம் நிரல் சம்பந்தப்பட்டது: இரும்புக்கு டி என்ற சிக்கலான வடிவச் சார்புகள் வேண்டும், அர்பானாவின் முதல் நிரல்கள் எஸ், பி என்ற எளிய வடிவங்களோடு நின்றன. டி வகைத் தொகையீட்டுக்கு இடையில் வரும் எண்கள் ஏராளம், அவற்றைக் கையில் வைத்துக்கொள்ளக் கார்டின் ஒவ்வோர் இழைக்கும் கிடைக்கும் பதிவகம் போதாது. அதைப் பிறகு சமாளித்துவிட்டார்கள். இரண்டாவது காரணம் ஆழமானது. இரும்பின் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் பல விதமாக அமைய முடியும். சராசரி மேகம் ஒன்று என்ற எண்ணமே அங்கே உடைகிறது. எத்தனை கார்டு வாங்கினாலும் அந்த உடைப்பு தானாகச் சரியாகாது. வேறு முறைகள் வேண்டும், அவற்றின் செலவோ ஹார்ட்ரீ–ஃபாக்கைவிடப் பல படி மேலே.

வளாகத்தின் தெற்கே, 2010இல் திறந்த பெட்டாஸ்கேல் கணினிக் கூடம் இருக்கிறது. 2013 முதல் 2021 வரை இங்கே புளூ வாட்டர்ஸ் என்ற மீக்கணினி இயங்கியது. அதன் கணுக்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் கிராபிக்ஸ் செயலிகள். இப்போது டெல்டா என்ற கணினி; அதில் அந்தச் செயலிகள்தான் முக்கியம். வெளியே நின்றால் குளிர்விக்கும் கோபுரங்களின் இரைச்சல் கேட்கிறது. பிளேஸ்டேஷன் எழுபதை அடுக்கிப் பார்த்தவர்கள் வந்து சேர்ந்த இடம்.

இதைவிடப் பெரியவை இப்போது வேறு ஊர்களில் இருக்கின்றன. டென்னசியின் ஓக் ரிட்ஜில் உள்ள ஃபிரன்டியரில் 37,632 கிராபிக்ஸ் செயலிகள். 2023இல் மீக்கணினிக் கணக்குகளுக்கான கார்டன் பெல் பரிசு வாங்கியது அந்தக் கணினியில் நடந்த உலோகக் கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்ரம் கவினி குழுவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஃபனி மோத்தமர்ரியும் சேர்ந்து செய்தது. அவர்கள் காஸியன்களையே எடுக்கவில்லை. வெளியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே அளவிலான அடர்ந்த அணிப் பெருக்கல் வரும்படி கணக்கை மாற்றி எழுதினார்கள். சில்லுக்கு மிகவும் பிடித்த வேலை அது. அடுத்த ஆண்டு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஜுசெப்பே பார்க்கா குழு அதே கணினியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் உள்ள உயிர் மூலக்கூற்று அமைப்பின் அசைவைக் கணக்கிட்டு அதே பரிசை வாங்கியது. ஹார்ட்ரீ–ஃபாக்குக்கு ஒரு படி மேலான முறையில், பெரிய அமைப்பைத் துண்டுகளாக்கி, துண்டுகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கணக்கிட்டுக் கூட்டினார்கள். மூலக்கூறைத் துண்டாக்கிக் கணக்குப் போடும் வழியில் புனேயில் ஸ்ரீதர் காட்ரே 1990களிலிருந்தே உழைத்திருக்கிறார். இந்த எல்லா இடங்களிலும் எந்திரம் ஒரு பாதி. கணக்கை எந்திரத்தின் இயல்புக்குத் திருப்பி எழுதிய மனிதர்கள் மறு பாதி. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாலையில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். அவள் கவலை வேறாக இருந்தது. சில்லுகளின் பெரிய வாடிக்கையாளர்கள் இப்போது விளையாட்டுக்காரர்கள் அல்ல, செயற்கை நுண்ணறிவுக்காரர்கள். அவர்களுக்கு எட்டு பிட், நாலு பிட் எண்களே போதும். அதனால் புதிய சில்லுகள் சிலவற்றில் இரட்டைத் துல்லியத்துக்கு ஒதுக்கும் இடத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு துல்லியமான எண்ணைப் பல சின்ன எண்களாக உடைத்து, சில்லு வேகமாகச் செய்யும் சின்னப் பெருக்கல்களால் பெரிய பெருக்கலைத் திரும்பக் கட்டும் வழி ஒன்று ஜப்பானின் கட்சுஹிசா ஒசாகி பெயரில் இருக்கிறது. அதைத் தொகையீட்டு வேலைக்கு எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று அவள் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.

"2008ல அவங்களுக்கு ஏழு இலக்கம் கெடச்சுது. எங்களுக்கு இன்னும் கொறையப் போவுது. அதுலயும் இரும்பை வச்சுக்கிட்டு" என்றபடி மடிக்கணினியைத் திறந்து, டெல்டாவில் வரிசையில் நிற்கும் தன் வேலைகளைக் காட்டினாள். இரும்பும் கந்தகமும் கொண்ட ஒரு சிறு கொத்து. ஒரே கணக்கு, நான்கு விதத் துல்லியங்களில்.